முழங்காலுக்கு ஒரு வால்யூம் கன்ட்ரோல்

மே 6, திங்கள்
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் பாடம் நடத்தும் பாலிடெக்னிக் லீவு. என் வீட்டுக்காரர் தாஸ் இன்றும் வீட்டுத் தையல் மிஷின் பக்கம் போகவில்லை. ஷூ கம்பெனியில் புது டிசைனுக்கு முதல் ஜோடி தைக்கிறவர் அவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது பாதத்தில் உணர்ச்சி கம்மி. பெடலை எவ்வளவு அழுத்துகிறார் என்று அவருக்கே தெரிவதில்லை. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்.

"கம்பெனில பாக்கிங் வேலைல போடச் சொல்லி கேக்கப் போறேன்" என்றார். திட்டிவிட்டேன்.

மே 8, புதன்
ஐடியா: முழங்காலால் தள்ள ஒரு பலகை. அதில் கட்டிய கயிறு, மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் தண்டைத் திருப்பும், மோட்டார் வேகம் கூடும். விட்டால் ஸ்பிரிங் இழுத்து நிறுத்தும். பொட்டென்ஷியோமீட்டர் வாங்க வேலூர் கடைக்குப் போனேன். மூன்று வகை காட்டினார்கள்.
- கம்பி சுற்றியது: உறுதி. ஆனால் வேகம் சீராக ஏறாது, தாவித் தாவி ஏறும். வேண்டாம்.
- திறந்த கார்பன்: தோல் தூசி போனால் கரகர. வேண்டாம்.
- மூடிய கார்பன், 10கே (பத்தாயிரம் ஓம்), லீனியர்: திருப்பத் திருப்ப ஒரே அளவில் கூடும். இதுதான்.
வரும் வழியில் அவருக்குப் பிடித்த இனிப்பு, மக்கன் பேடா.

மே 10, வெள்ளி
வீட்டு மிஷினில் மாட்டியாயிற்று. பெருமையாக நானே உட்கார்ந்து காட்டினேன். முழங்கால் பட்டதும் மிஷின் பாய்ந்தது. கறுப்புத் தோலில் கோணல் மாணலாக ஓட்டைகள்.

"இன்னாடி இது, குதுர மாதிரி!" சிரித்தார். எத்தனை நாளாயிற்று அவர் சிரித்து. பிறகு மெதுவாக, "மொதல் ரெண்டு தையல் ஊந்து வரணும்மா. அப்புறம் ஓடட்டும்."

அப்போதுதான் உறைத்தது. லாகரிதமிக், அதாவது லாக் வகை! தொடக்கத்தில் துளித்துளியாக, கடைசியில் விறுவிறுவென. அது ஆம்ப்ளிஃபயர் சத்தத்துக்கு மட்டும் என்று வருடா வருடம் பாடம் நடத்துகிறேன். மண்டு.

மே 11, சனி
வீட்டு ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் கன்ட்ரோலைப் பிடுங்கி மிஷினில் வைத்தேன். அதுவும் 10கே, லாக். "உக்காருங்க." பயந்து பயந்து உட்கார்ந்தார். டக்... டக்... பிறகு ஒரே சீராக. அடுக்களைக்குப் போய் அழுதேன். சாம்பார் தீய்ந்தது.

மே 12, ஞாயிறு
சர்ச்சிலிருந்து வந்தால் மேசையில், மின்சாரம் அளக்கும் என் மல்டிமீட்டருக்குத் தோல் உறை. ஓரமெல்லாம் நூல் பிடித்த மாதிரி இரட்டைத் தையல். முன்பக்கம் நட்டநடுவில் வெள்ளிக்கிழமை ஓட்டைகள்.

"வேற தோலே கெடைக்கலயா?"

"கெடச்சுது. இது நீ தச்சதாச்சே. வெளிய தெரியட்டும்."

நாளை கம்பெனிக்குப் போகிறார். முழங்கால் பலகையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார். பாக்கிங் பேச்சையே காணோம்.