தேன் என்று எழுதியதைத் திரும்பப் பெறும் ஓலை

நலம் பெருகுக. அலை ஓயாத நெடுந்துறைக்கு அரசியும், ஏழு கழிமுகங்களுக்குக் காவலும், எளியோர் வழக்கைத் தாமே அமர்ந்து கேட்பவருமாகிய பெருந்தேவி அலர்மங்கையார் திருமுன்னர், குன்றூர்க் கோமான் அடலேறு வேந்தரின் ஆணைப்படி அவருடைய ஓலைநாயகம் இளநாகன் எழுதி விடுக்கும் ஓலை. தங்கள் உடல் முழுதும் தேறுக. தங்கள் துறைகளில் கலங்கள் குறைவின்றி வந்தடைக.

இளநாகன் இதில் தன்னைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. வழக்கில் குற்றவாளியைக் குறிப்பதுபோல் அவன் என்றே எழுதுகிறான். பிறர் வாய்ச்சொற்கள் சொன்னபடியே தரப்படுகின்றன.

சென்ற ஆண்டு கதிர்விழாவுக்குத் தாங்கள் குன்றூர் எழுந்தருளினீர்கள். மருத்துவர் தங்களுக்கு இனிப்பை விலக்கியிருந்தார். மற்றவர் இலைகளில் பாயசமும் பணியாரமும் இருந்தன. தங்கள் இலையில் கீரையும் மோரும் மட்டுமே. அதைக் கண்ட இளநாகனின் மனைவி சேந்தி, தன் வீட்டு அடுப்பில் செய்த வள்ளிக்கிழங்கைக் கொண்டுவந்து வைத்தாள். தாங்கள் உண்டு, மறுமுறை கேட்டீர்கள். "ஒரு கைப்பிடிதான் தாயே. நாளைக்கும் நீங்க சாப்பிடணும்ல?" என்றாள் சேந்தி. பந்தி திகைத்தது. தாங்கள் சிரித்தீர்கள். இளநாகன் இரண்டு இலை தள்ளி உண்டுகொண்டிருந்தான்.

கார்காலத்தில் ஏழு நாள் காய்ச்சலில் சேந்தி இறந்தாள். அதன்பின் அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

இவ்வாண்டு தங்கள் ஓலை வந்தது. தங்கள் நாட்டு விழாவிலும் அந்தக் கிழங்கு வேண்டும், செய்முறையை எழுதி விடுக்க என்று அது கேட்டது. அறியேன் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். கடிகைக் கல்விச்சாலையில் பன்னிரண்டு ஆண்டு கற்றவன், அவள் சமைத்ததை நான்கு ஆண்டு உண்டவன், அது எப்படி ஆகிறது என்பதை அறியேன் என்று எழுதக் கூசினான். நாவில் தங்கியிருந்த இனிப்பு ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். வெல்லம் தங்களுக்கு ஆகாது. ஆகவே தேன் என்று எழுதினான். எவ்வளவு என்பது தெரியாது. ஆகவே வேண்டுமளவு என்று எழுதினான். தெரியாததை மறைக்க எழுத்தர்கள் வைத்திருக்கும் சொல் அது. நடை அழகாக அமைந்தது. வேந்தரின் முத்திரையும் அதில் விழுந்தது.

தங்கள் மடைப்பள்ளித் தலைவி பூதி, அவ்வோலை வாசிக்கக் கேட்டு அப்படியே சமைத்தாள். வெல்லமில்லாத பண்டம் என்று நம்பித் தாங்கள் நிறைய உண்டீர்கள். பந்தியிலேயே மயங்கி விழுந்து மூன்று நாள் எழவில்லை. விசாரணை நடந்தது. முத்திரை பதிந்த ஓலையில் பிழை இராது என்பது இரு நாட்டு வழக்கும் அல்லவா? எனவே பிழை பூதியின் கையில் என்று ஆயிற்று. ஆயினும் தங்கள் அமைச்சர் நேர்மையாளர். செய்முறை சரிதானா என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

ஓலையில் பிழையில்லை என்று இளநாகன் மறுமொழி எழுதினான். இரண்டே சொற்கள். முதல் ஓலை அறியாமையால் எழுதியது. இது, பிழை இருக்கலாம் என்று அறிந்தே எழுதியது.

பூதியைச் சபை நடுவே நிறுத்தி, அகப்பையைப் பறித்து, வாயிலுக்கு வெளியே விட்டார்கள். அப்போது அவள் சொன்னதைத் தூதன் வந்து சொன்னான்: "ஓலை சொன்னதைச் செஞ்ச கைக்குத் தண்டனை. சொன்ன ஓலைக்குப் பட்டு உறையா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!" இளநாகன் அதைக் கேட்டான். கேட்டுவிட்டு அடுத்த ஓலையை எடுத்து எழுதத் தொடங்கினான்.

எட்டு நாள் கழித்துக் குன்றூரில் கதிர்விழா. விழாநாளில் அடுப்பு அணைந்து கிடக்கலாகாது என்று சேந்தியின் தங்கை நாகை வந்து அதை மூட்டினாள். கிழங்கை அவள் கழுவுகையில், தேன் எந்தக் கலயத்தில் இருக்கிறது என்று இளநாகன் கேட்டான்.

"தேனா? அக்கா எந்தக் காலத்துல இதுல தேன் ஊத்துனா? யாரு அத்தான் உங்களுக்குச் சொன்னது?"

அவன் நடந்ததைச் சொன்னான். அவள் கிழங்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"நாலு வருசம் வழிச்சு வழிச்சுத் தின்னீங்களே, ஒருநாளாச்சும் அடுப்படியை எட்டிப் பாத்தீங்களா? அதை விடுங்க. அந்தம்மா இப்போ எந்த வீட்டு வாசல்ல நிக்குதோ! நீங்க இங்க இலை போட்டு உக்காரப் போறீங்களா?"

அவன் உட்காரவில்லை. நின்று பார்த்தான். பார்த்தது இது:

மெல்லிய கிழங்காகத் தேர்ந்து, மண் போகத் தேய்த்துக் கழுவி, தோலோடு முழுதாக வேகவைக்க வேண்டும். குழைய விடலாகாது. நன்றாக ஆறியபின் தோலோடு விரல்கனத் துண்டுகளாக நறுக்க வேண்டும். இரு கரண்டி நல்லெண்ணெயில் கடுகும் சீரகமும் பொரித்து, கறிவேப்பிலையும் மஞ்சளும் இட்டுத் துண்டுகளைப் புரட்டி, மிளகும் சுக்கும் இடித்துத் தூவ வேண்டும். கட்டைவிரல் நகமளவு இலவங்கப்பட்டையை வறுத்துப் பொடித்துச் சேர்க்க வேண்டும். இறக்கியபின் வறுத்த எள்ளும் எலுமிச்சைச் சாறும். வெல்லமில்லை, தேனில்லை. இனிப்பு கிழங்கினுடையது, பட்டையின் மணம் அதை மிகுத்துக் காட்டுகிறது. இலைக்கு ஒரு கைப்பிடி. பக்கத்தில் கீரையும் பருப்பும் இருக்க வேண்டும். அந்தக் கைப்பிடி அளவைச் சேந்தி தங்களிடம் சொன்னபோது அது அவன் காதிலும் விழுந்தது. எழுதும்போது அது அவன் நினைவுக்கு வரவேயில்லை. உண்ணும்போது பிறர் பேச்சில் அவன் செவி இருந்ததில்லை. அவள் பேச்சிலும் இருந்ததில்லை.

கிழங்கு இலைக்கு வரும் முன்பே அவன் வேந்தரிடம் சென்று உள்ளதைச் சொன்னான். வேந்தர், எழுதியவன் நீ, வாசிக்காமல் முத்திரையிட்டவன் நான், நம் இருவருக்கும் எழுத்துத் தெரியும், தண்டனை மட்டும் எழுத்தறியாதவளுக்குப் போயிருக்கிறது என்றார். இளநாகனின் எழுத்தாணியை வாங்கி வைத்துக்கொண்டார். இவ்வோலை முடியும்வரை மட்டும் அதைத் திருப்பித் தந்திருக்கிறார்.

ஆகவே குன்றூர் வேந்தரின் வாக்காகத் தெரிவிப்பது: கிழங்கு குறித்து முன் விடுத்த இரண்டு ஓலைகளும் பிழை. எம் முத்திரை அவற்றில் இருப்பினும் பிழையே. பூதியிடம் குற்றமில்லை. எந்தச் சபையில், எவர் முன்னிலையில் அவள் அகப்பை பறிக்கப்பட்டதோ, அதே சபையில் அவர்கள் முன்னிலையிலேயே இது வாசிக்கப்பட்டு அவளுக்கு அவள் இடம் திரும்பத் தரப்பட வேண்டுமென எம் தோழமையின் பேரால் கேட்கிறோம்.

இளநாகனுக்கு ஆணை: இதை நீயே சுமந்து செல்க. நீயே உரக்க வாசிக்க. வாசித்தபின் பூதி உன்னை நோக்கி எது சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும், மறுமொழி கூறாது தலை நிமிர்த்திக் கேட்டு நிற்க.

நெடுந்துறை நீடு வாழ்க. இம்முறை வாசித்துப் பார்த்தே முத்திரையிட்டோம்.