அவசரம் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை தொண்டைக்கட்டுக்குக் காப்பி போடலாம் என்று சுக்கு தட்டிக்கொண்டிருந்தேன். தேர்தல் ஜீப் ஒன்று எங்கள் சந்துக்குள் ஊர்ந்து வந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், "எனிக்கு ஒரு அவசரம் தரணே" என்று மட்டாஞ்சேரி முழுக்கக் கேட்கும்படி கெஞ்சியது. தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஆனாலும் உன்னால் அந்தச் சொல் எனக்கு என்றைக்குமாகக் கெட்டுப்போய்விட்டது. சுக்கு வாசனையும் அதுவும் சேர்ந்து வந்தால் நான் வேறு எங்கே போவேன்? நேரே உன்னிடம்தான் வந்தேன்.

எழுபதுகளின் கடைசி அது. காயலை ஒட்டியிருந்த அந்தச் சுக்குக் கிடங்கில் நாம் அறுபது எழுபது பெண்கள் வட்டம் வட்டமாக உட்கார்ந்து தரம் பிரிப்போம், புடைப்போம். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். நீ தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. வந்த முதல் நாளே என் முறத்தைப் பிடுங்கி, "ஏட்டி, இது பொடைக்கிறதா, கொசு விரட்டுறதா?" என்று கேட்டாய். அன்றைக்கே எனக்கு அக்காவாகிவிட்டாய்.

அந்தக் கிடங்கில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. பின்சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழ இடம். எதிரே வள்ளங்கள் கட்டிக் கிடக்கும், அவற்றில் ஆட்கள் இருப்பார்கள். அதற்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருத்தியும் தண்ணீர் குடிக்க மாட்டாள். கஞ்சியைக்கூட வடித்துவிட்டுத்தான் தின்போம். எனக்கு அப்போது ஐந்து மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அடக்க முடியுமா? ஒரு நாளைக்கு நாலு தடவை உன்னைப் பார்ப்பேன். நீ ஒன்றும் கேட்காமல் ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வருவாய். இரண்டு கையாலும் அதை விரித்துப் பிடித்து, வள்ளங்களைப் பார்த்து முறைத்துக்கொண்டு நிற்பாய். சாக்கிலிருந்து சுக்குத்தூள் உதிர்ந்து எனக்குத் தும்மல் வரும். "தும்மாதே, சீக்கிரம் முடி" என்று நீ சிரிப்பாய்.

நம் யூனியனுக்குப் பிரசிடண்ட் தாமோதரேட்டன். நல்ல மனிதர்தான், வேட்டியில் ஒரு கசங்கல் இருக்காது. கக்கூஸ் வேண்டும் என்று ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வாய் கூசியது. "சேட்டா, பெண்ணுங்களுக்கு ஒரு சௌகரியம் வேணும்" என்று மட்டும் சொன்னோம். "நோக்காம், நோக்காம்" என்றார், பார்க்கலாம் என்று. மறுமாதம் உட்கார ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். அந்தப் பெஞ்சைப் பார்த்த அன்றைக்குத்தான், அடுத்த எலெக்ஷனில் நானே நிற்கிறேன் என்று நீ சொன்னாய்.

அதற்கப்புறம் முறத்துக்கு முறம் வாதம்தான். நீயும் அதே வட்டத்தில் உட்கார்ந்து, வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாய். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியம்.

"தாமோதரேட்டன் பிரசங்கிச்சா மொதலாளி வரெ எழுந்நேக்கும்" என்றாள் ஐஷாத்தா. அவள்தான் மலையாளத்துப் பெண்களின் வாய். "இவள் மலையாளம் பறஞ்ஞா நமக்குச் சிரி வரும்."

"எந்திரிச்சு நின்னு என்னத்தக் குடுத்தாரு? நின்னுட்டு மறுபடி உக்காந்துக்கிட்டாரு" என்றாள் நம் சந்துச் செல்லம்மா.

நானும் சும்மா இருக்கவில்லை. "அக்காவுக்கு மலையாள எழுத்து தெரியாதே. கம்பெனி நோட்டீசு ஒட்டினா யாரு படிப்பா?" என்று கேட்டேன். உன் தோழி நான், உன் முகத்துக்கு நேரே கேட்டேன்.

நீ சுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஞாயமான கேள்வி. நீ படிச்சுச் சொல்லுவே. எனக்குக் கோவம் சட்டுனு வரும், அதயும் கொறையில சேத்துக்கோங்க."

எலெக்ஷனுக்கு முந்திய நாள், சுக்குக் காயப்போடும் முற்றத்தில் மைக் வைத்து இருவரும் பேச வேண்டும் என்று ஏற்பாடு. மலையாளத்தில் பேச வேண்டும் என்று உனக்குப் பிடிவாதம். "அவுங்க ஓட்டும் வேணும்லா?" நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம், தமிழ் எழுத்து அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்தது. அதனால் மூன்று நாள் கஞ்சி நேரத்தில் உட்கார்ந்து, மலையாளப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நீ அதைப் பாராயணம் செய்தாய். கடைசிவரைக்கும் போக நேரம் கிடைக்கவில்லை. அந்தக் கடைசி வரியில்தான் வினை இருந்தது.

அன்றைக்கு முற்றம் நிறைந்திருந்தது. மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளும் ஓட்டுள்ளவர்கள் என்பதால் ஆண்களும் வந்திருந்தார்கள். தாமோதரேட்டன் வழக்கம்போல ஏற்ற இறக்கத்தோடு பேசிக் கைத்தட்டல் வாங்கினார். பிறகு நீ ஏறினாய். காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாய். தட்டுத் தடுமாறி வந்து, கடைசி வரியைத் தென்காசித் தமிழின் ராகத்தில் உரக்கப் படித்தாய்: "எனிக்கு ஒரு அவசரம்!"

எழுதும்போது எனக்கு அது மலையாளம். உன் வாயில் விழுந்ததும் சுத்தத் தமிழாகிவிட்டது. என்னை அறியாமல் பக்கென்று சிரித்துவிட்டேன். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன், ஆனால் சத்தம் போனது போனதுதான். என் சிரிப்பைக் கேட்டுத் தமிழ்ப் பாதி முழுக்கச் சிரித்தது. மலையாளப் பாதி விழித்தது. "எந்தினா எல்லாரும் சிரிக்குன்னே?" என்று ஐஷாத்தா கேட்க, செல்லம்மா சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஆண்களும் சிரித்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

நீ காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாய். சிரிப்பு அடங்கும்வரை நின்றாய். பிறகு உன் தமிழில் பேசினாய்.

"சிரிங்க. அவசரந்தான் கேட்டேன். எனக்கு மட்டுமா அவசரம்? காலையில உள்ள வந்தா அஞ்சு மணி வரைக்கும் இங்க எந்தப் பொம்பளையாவது ஒரு செம்புத் தண்ணி குடிக்காளா? ஏன் குடிக்கல? ஏழு மாசப் பிள்ளத்தாச்சி ஒருத்திக்கு நான் சாக்கு விரிச்சுப் புடிச்சுட்டு நிக்கேன். அந்தச் சாக்குல மொதலாளி பேரு அச்சடிச்சிருக்கு. எங்களுக்குப் பெஞ்சு வேண்டாம். கக்கூசு வேணும்."

யாரும் கைதட்டவில்லை. மைக்கில் அந்தச் சொல்லைக் கேட்ட அதிர்ச்சி. ஐஷாத்தா மட்டும் எழுந்து, "அவள் பறஞ்ஞது சரி தன்னே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் நீ தோற்றாய், அக்கா. கொஞ்ச ஓட்டில்தான். ஆண்கள் நடுவில் கூச்சமில்லாமல் பேசினாள் என்று சிலர் சொன்னார்கள். கூட்டமே சிரித்த ஆளை எப்படித் தலைவராக்குவது என்று சிலர் சொன்னார்கள். இந்த இரண்டாவது பேச்சு என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்த வரியை எழுதியவள் நான். முதலில் சிரித்தவளும் நான். உனக்கு ஓட்டுப் போட்டேன், சத்தியமாகப் போட்டேன். ஆனால் என் ஓட்டு ஒன்று, என் சிரிப்பு கெடுத்தது எத்தனையோ என்று நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

நீயோ எலெக்ஷனையே மறந்ததுபோல மறுநாளும் சாக்கோடு என்னுடன் வந்தாய். அத்தனை பேர் முன்னால் சொல்லியாகிவிட்டதே, தாமோதரேட்டனால் இனி "நோக்காம்" என்று சொல்ல முடியவில்லை. நான் பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பின்சுவர் ஓரம் நாலு கதவு நின்றது. திறப்புக் கல்லில் தாமோதரேட்டன் பெயர் இருந்தது. அந்தப் பெயரை யார் சொன்னார்கள்? "ஞான் அவசரம் வரெ போயிட்டு வராம்" என்று ஐஷாத்தா தொடங்கிவைத்தாள். தமிழும் மலையாளமும் அதற்கப்புறம் அந்த இடத்தை அவசரம் என்றே கூப்பிட்டன. கதவு திறந்த அன்று நீ எல்லார் முன்னாலும் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாயாம். அதைப் பார்க்கக் கொடுத்துவைக்காதது எனக்கு இன்றும் குறைதான்.

எண்பதுகளின் நடுவில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பொது வார்டு, கட்டிலுக்குக் கட்டில் திரை கிடையாது. நான் பார்க்க வந்த ஒரு மத்தியானம், பேச்சின் நடுவே நீ சுண்டுவிரலைத் தூக்கினாய். கட்டிலடியிலிருந்து பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வார்டைப் பார்த்து முறைத்துக்கொண்டு நின்றேன். என் கை வலித்தது. உன் கை அன்றைக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு மொதல்ல சிரிச்சது நாந்தான். என்னாலதான் நீ தோத்தே."

போர்வைக்குப் பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"தெரியும்டி. உன் சிரிப்பாணி எனக்குத் தெரியாதா? நீ சிரிக்கலைன்னா நான் அந்தப் பேப்பரப் படிச்சிட்டுப் பேசாம எறங்கியிருப்பேன். செயிச்சிருந்தாலும் செயிச்சிருப்பேன். கக்கூசு வந்திருக்காது." பிறகு, "போர்வையத் தாழ்த்தாதே, இன்னும் முடியல" என்றாய்.

அந்த வாரமே போய்விட்டாய்.

இன்று ஜீப்பிலிருந்து அந்தப் பெண்ணே இறங்கி என் வாசலுக்கு வந்தாள். சின்னப் பெண், வெயிலில் முகம் கறுத்திருந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மச்சி, எனிக்கு ஒரு அவசரம் தரணே" என்றாள். காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டாள் என்று உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தேன். கொல்லைப்பக்கக் கதவையும் காட்டினேன். அவள் போய்விட்டு வரும்வரை வாசலில் அவள் ஆட்களை முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. பக்கென்று, அன்றைக்கு வந்த அதே சிரிப்பு. இந்தத் தடவை முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொள்ளவில்லை.