முன்குழாயில் ரெண்டு வளையம்

மச்சான்,

நான் அப்பவே சொன்னேன். முதலில் வண்டி போகும், பிறகு நான் போவேன், அதற்கும் பிறகு நீ போவாய், இந்த சைலன்சர் மட்டும் போகாது என்று உன் பட்டறையில் கேஸ் சிலிண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன். நீ வெல்டிங் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "சரி மாப்ள, சிலிண்டர்ல இருந்து கைய எடு" என்றாய். இன்றைக்குப் பார், அத்தனையும் நான் சொன்னபடி. வரிசைதான் கொஞ்சம் பிசகிவிட்டது. எல்லாரையும் முந்திக்கொண்டு தை மாதம் நீ போனாய். வண்டி போன வாரம் போயிற்று.

பைபாஸ் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதுக்கு இனி சாமான் கிடைக்காது, எடைக்குப் போட்டுருங்க" என்றார். நான் சைலன்சரை மட்டும் கழற்றித் தரச் சொன்னேன். கழற்றித் தரையில் வைத்ததும் அதன் வாயிலிருந்து ஒரு வாடை வந்தது. கருகின ஆயிலும் பழைய புகையும் கலந்த வாடை. உன் பட்டறையின் வாடை. நான் குனிந்து மூக்கை வைத்து இன்னொருதரம் முகர்ந்தேன். நீ பார்த்திருந்தால், சைலன்சருக்கு முத்தமா என்று கேட்டிருப்பாய்.

மெக்கானிக் அதைப் புரட்டிப் பார்த்தார். "இது கம்பெனி சைலன்சர் இல்லையே. வயிறெல்லாம் கையால அடிச்சது. அது சரி, முன்குழாய்ல நாலு விரற்கடை எட்டத்துல ரெண்டு வெல்டு வளையம் எதுக்குப் போட்டிருக்கு?"

"பலத்துக்கு. ரெண்டு வளையம் போடணும்னு நான்தான் சொன்னேன்" என்றேன். இத்தனை வருஷமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்கிற பதில். நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

மினிபஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். கண்டக்டர், "அண்ணாச்சி, பிள்ளைக்கு அரை டிக்கெட்டா, மடியில வச்சிக்கிடுதீகளா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இறக்கி வைக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான் இது. ஆனாலும் நான் சொல்லிக் கேட்டால் நடந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று நீயே ஒருதரம் சொல்லியிருக்கிறாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் மூன்று வருஷம் துணிப்பஞ்சைத் தின்றது போதும் என்று ஊருக்குத் திரும்பி, பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கி, ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிப் பால் எடுக்கக் கிளம்பிய காலம். தொண்ணூறுகளின் நடுவில். எட்டயபுரம் தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, கரிசல் பாதையில் நாலு ஊர். அதில் கடைசி ஊரில் சீனியம்மா வீட்டு எருமைகள்தான் என் லைனுக்குத் தலை. அந்த அம்மா பால் ஊற்றினால் பக்கத்தில் ஆறு வீடும் ஊற்றும். அந்த அம்மா கையை மடக்கினால் நான் மறுபடி திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான். அதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். வெளியில், பனியன் கம்பெனி முதலாளி என்னைப் போக விடாமல் கையைப் பிடித்து அழுததாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது ஒரே குறை. என் வண்டி பால்காரன் வண்டி மாதிரியே சத்தம் போட்டது. என் உடம்புக்கும் மீசைக்கும் அது பொருந்தவில்லை. சைலன்சருக்குள் சத்தத்தை அடக்குகிற உள்குழாய் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நானே உருவி எறிந்தேன். மறுநாள் உதைத்தேன் பார், எட்டயபுரத்தில் நான் ஸ்டார்ட் செய்தால் கோவில்பட்டியில் டீக்கடைக்காரர் பால் சட்டியைக் கழுவி வைக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். பேசியது நான்தான். ஆனால் மறுத்துச் சொன்னவர் யாரும் கிடையாது.

மறுத்தவை எருமைகள்தான். நான் ஊருக்குள் நுழைகிற நேரமும் சீனியம்மா கறக்க உட்காருகிற நேரமும் ஒன்று. சத்தத்தைக் கேட்டதும் எருமை காலை உதறும், கண்ணை உருட்டும், மடியில் இருக்கிற பாலை அப்படியே அடக்கிக்கொள்ளும். கன்றை விட்டு முட்டச் செய்தாலும் இறக்காது. ஒரு வாரம் பார்த்தார் அந்த அம்மா. எட்டாம் நாள் வெறும் செம்பைக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஏய்யா, நீ பால் எடுக்க வாரியா, எருமைய வெரட்ட வாரியா? ஒன் வண்டி ஓடைக்கு அந்தப்பக்கம் வரும்போதே இதுக இங்கன நடுங்குதுக."

"புது சைலன்சர் சித்தி. பழகிரும்."

"பழகுத வரைக்கும் எம் பேரப்புள்ளைக்கு உன் வண்டிப் புகையவா ஆத்திக் குடுக்க? வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல பால் வேன்காரனுக்கு ஊத்திருவேன். ஆறு வீட்டுலயும் சொல்லியாச்சு."

அன்றைக்குத் திங்கள். அதோடு ஐப்பசி மழையும் பிடித்துவிட்டது. கரிசல் நனைந்தால் எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தில் அப்பிக்கொண்டு அரை ஆள் பாரம் ஏறும். உள்குழாயை உருவினதிலிருந்து வண்டிக்குச் சத்தம் இருந்ததே தவிர இழுவை இல்லை. ஓடை ஏற்றத்தில் கத்தும், நகராது.

செவ்வாய்க்கிழமை உன் பட்டறைக்கு வந்தேன். நீ டிராக்டர் கொழு ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாய். நான் எல்லாவற்றையும் சொன்னேன். எருமைகள் விஷயத்தில் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். ஒரு எருமை மயங்கி விழுந்ததாக. நீ முடியும் வரைக்கும் கேட்டாய்.

"உள்குழாய எங்க?"

"எறிஞ்சுட்டேன்."

"எங்கன எறிஞ்ச?"

"கிணத்துல."

நீ சிரிக்கவில்லை. கொழுவை ஓரமாக வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாய். பிறகு சொன்னாய்: "புகை வெளிய போனா மட்டும் போதாது மாப்ள. போனதுல கொஞ்சம் திரும்பி வந்து முட்டணும். அப்பதான் வண்டிக்குத் தெம்பு. நீ கதவத் தொறந்துபோட்டு அம்புட்டையும் வெரட்டிட்ட."

எட்டாம் வகுப்பு வரை அறிவியலில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பரீட்சைக்குப் போயிருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் இந்தச் சூட்சுமத்தை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. மூணே வாக்கியத்தில் நீ சொன்னாய், அதுவும் சொல்லித் தருகிற பாவனை இல்லாமல், வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பது மாதிரி.

நீ வேலை செய்வதைப் பார்ப்பதற்காகவே நான் ரெண்டு வேளை சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறேன். மில்லில் கழித்த தகட்டை எடுத்து, சாக்குத்தாளில் கரி வைத்துக் கோடு போட்டு, புனல் மாதிரி ரெண்டு உருட்டி, ஒன்றின் வாயை மற்றொன்றோடு சேர்த்து வயிறு செய்தாய். கர்ப்பிணி வயிறு மாதிரி நடுவில் பெருத்து, ரெண்டு பக்கமும் ஒடுங்கி. சுத்தியல் தடம் ஒன்றுகூடத் துருத்தவில்லை. உள்ளே புதுக்குழாய், அதில் உன் கணக்குக்குத் துளைகள். முன்னால், இன்ஜினிலிருந்து வருகிற குழாயை நீளமாக வளைத்தாய். குழாய்க்குள் மணலை அடைத்துச் சூடுகாட்டி நீ வளைத்த அழகுக்கு, கல்யாண வீட்டில் பந்தி போடுவது மாதிரி ஆள் சுற்றி உட்கார்ந்திருக்க வேண்டும். நான் ஒருவன்தான் இருந்தேன். நூறு பேர் இருந்ததாகத்தான் இதுவரை சொல்லி வந்திருக்கிறேன்.

பிறகு நீ செய்ததை இந்தக் கரிசல்காட்டு ஆளைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். போன வெள்ளாமைப் பருத்தி மூட்டையிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சைப் பிய்த்து, விளக்குமாற்றுக் குச்சி நுனியில் கட்டி, ஓடுகிற வண்டியின் சைலன்சர் வாயில் பிடித்தாய். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு வெடிப்புக்கும் பஞ்சு வெளியே சாய்ந்தது. நடுவில் ஒரு நூல் அளவு உள்பக்கமாக நெளிந்தது. "பாத்தியா, திரும்புது" என்றாய். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்றேன்.

புதன்கிழமை சைலன்சரை வண்டியில் பூட்டி முடித்தாய். வியாழக்கிழமை காலை மட்டும் மழை என்று நான் பால் எடுக்கப் போகவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். ஓடை ஏற்றத்தில் வண்டி முனகக்கூட இல்லை. சேறு அப்பிய சக்கரத்தோடு, கேனோடு, என்னோடு, செக்கு மாடு மாதிரி ஒரே சீராக இழுத்தது. சத்தம் எப்படி என்றால், தாழ்ந்து, கெட்டியாக, கிணற்றுக்குள் யாரோ உருமி தேய்ப்பது மாதிரி. இந்தச் சத்தம்தான் என் மீசைக்கு ஏற்றது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சீனியம்மா எருமைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் தெருமுனையில் நுழையும்போது அவர் கை மடியில் இருந்தது. எருமை காதை ஒருதரம் ஆட்டியது. அவ்வளவுதான். செம்பில் பால் விழுகிற சத்தம் என் வண்டிச் சத்தத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. அந்த அம்மா நிமிராமலே கேட்டார்:

"வண்டிய மாத்திட்டியா?"

"இல்ல சித்தி, சைலன்சர மாத்திட்டேன்."

"யாரு செஞ்சது?"

"நான் அளவு சொன்னேன். மச்சான் பத்தவச்சாரு."

"அவுகள ஒருநா கூட்டிட்டு வா. ஒரு செம்பு மோர் குடுப்போம்" என்றார். எனக்குக் கொடுப்பதாகச் சொல்லவில்லை. கவனித்தாயா.

அடுத்த ரெண்டு மாதத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எருமைகள் தாமாகவே கட்டுத்தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றன. இது சத்தியம். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புதூர், நாகலாபுரம் பக்கத்திலிருந்து கிடை போடுகிறவர்கள், மிளகாய் யாவாரிகள் என்று உன் பட்டறை வாசலில் வண்டிகள் வந்து நின்றன. 'பால்காரர் சைலன்சர்' என்று கேட்டு வந்தார்கள். உன் பேரைச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அளவு என்ன என்று உன்னிடம் கேட்டால், "அளவெல்லாம் மாப்ளகிட்ட கேட்டுக்கிடுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொள்வாய். நான் அளவு சொல்வேன். நான் சொன்ன அளவைக் காதில் வாங்காமல் நீ சரியாகச் செய்து கொடுப்பாய். அந்தத் தொழிலில் நம்மைப் போல் ஒத்துப்போன ரெண்டு பேர் கோவில்பட்டியில் கிடையாது.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

உன் பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தங்கச்சி என்னிடம் கேட்டாள். "அண்ணே, ஒங்க வண்டியில ரெண்டு வளையம் இருக்குல்லா. அது எதுக்குன்னு அவுகட்ட எத்தனையோ தடவ கேட்டிருக்கேன். ஒங்கண்ணன்கிட்ட கேளுன்னு சொல்லிச் சிரிப்பாக. ஒரு நாளும் சொல்லல." உன் மனைவிக்குக்கூடத் தெரியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளிடமும் நான் பலத்துக்கு என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலில் செருப்பைத் தேட ரொம்ப நேரம் ஆயிற்று.

பலத்துக்கு இல்லை மச்சான். புதன்கிழமை நீ வளைத்த முன்குழாயைப் பார்த்து, ஆட்டுக்குடல் மாதிரி எதற்கு இவ்வளவு நீளம், நாலு விரற்கடை வெட்டு, வண்டி பறக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். "வேண்டாம் மாப்ள, இழுவை போயிரும். சேத்துல நிப்ப" என்று சொன்னவன் நீ. நான் எட்டாம் வகுப்பு அறிவியலை இழுத்தேன். நீ என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெட்டி, ஒட்டிக் கொடுத்தாய்.

வியாழக்கிழமை மழை இல்லை. வானம் வெளுத்துத்தான் இருந்தது. நான் போனேன். தார் ரோட்டில் வண்டி பறந்தது. பாதையில் இறங்கி ஓடை ஏற்றம் வந்ததும் கத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. காலிக் கேனோடு திருப்பி, சேற்றில் தள்ளி, தார் ரோட்டைப் பிடித்து, உன் பட்டறைக்கு வரும்போது உச்சி வெயில். முழங்கால் வரை கரிசல். விடிந்தால் வெள்ளி.

நீ என் காலைப் பார்த்தாய். எழுந்து போய்ச் சுவரில் ஒரு ஆணியிலிருந்து எதையோ எடுத்தாய். நான் வெட்டச் சொன்ன அந்த நாலு விரற்கடைத் துண்டு. துருப் பிடிக்காமல் ஆயில் தடவி, கம்பியில் கோர்த்து மாட்டி வைத்திருந்தாய். "கால கழுவிட்டு வா மாப்ள, டீ சொல்லிருக்கேன்" என்றாய். நான் டீ குடித்து முடிப்பதற்குள் அதை இருந்த இடத்திலேயே வைத்து ரெண்டு பக்கமும் பற்றவைத்துவிட்டாய். அதுதான் அந்த ரெண்டு வளையம்.

சைலன்சரை இப்போது என் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். ஆயில் தடவியாயிற்று. நாளைக் காலையில் தங்கச்சியிடம் போய் எதற்கு ரெண்டு வளையம் என்று சொல்லிவிட வேண்டும். மற்றபடி நான் சொல்லித் திரிந்த கதையில் ஒரு இடத்தை மட்டும் திருத்திக்கொள்.

அப்பவே சொன்னது நீ.