வகுப்பில் நான் சொன்ன பதில்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணை இன்னும் பாப்பா என்று எழுதுவதற்கு அவள் ஆட்சேபம் தெரிவித்திருக்கிறாள். அதையும் இதிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

போனில் சொல்ல வேண்டியதை எதற்கு இப்படி வளைத்து வளைத்து எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால், பின்னால் இன்ஜின் இரைச்சலோடு, "சரி, உன் இஷ்டம்" என்பீர்கள். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று பதினான்கு வருடமாக எனக்குத் தெரியவில்லை. கடிதமென்றால் நடுவில் குறுக்கிட முடியாது, முழுவதும் படித்தே ஆகவேண்டும். இன்று செவ்வாய். டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்கிறேன்.

விஷயம் அந்த எம்.பி.ஏ.தான். சீட் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம். சனி ஞாயிறு முழுநாள், அது போக வாரத்தில் இரண்டு மாலை. சேர்கிறேனா இல்லையா என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் கப்பலை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வருவதும் அடுத்த மாதம். பதினான்கு வருடம் கழித்து நீங்கள் வீட்டில் இருக்கப்போகிற முதல் வருடத்தில் நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போவதா என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் வேறு என்னவோ செய்கிறது.

நம் மேலாளரிடம் கேட்டேன். அவருக்கு முப்பத்தொரு வயது. டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் பர்சன்டேஜ். டீ எப்படி இருக்கிறது என்றால்கூட எண்பது சதவீதம் ஓகே என்பார். படித்து முடித்தால் பதவி உயர்வு கிடைக்குமா என்று நேராகவே கேட்டுவிட்டேன். "கேரன்டி இல்ல மேடம். ஆனா படிக்கலேன்னா கிடைக்காதுங்கறது மட்டும் நூறு சதவீதம்" என்றார். டிப்போ மேலாளர் பதவிக்கு இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் மேலாண்மைப் பட்டம் உண்டா என்ற அந்த ஒரு கட்டத்தில் 'இல்லை' என்று எழுதித் திரும்பியவள் நான். கட்டணத்தில் பாதியை நிறுவனமே தரும், முடித்த பிறகு மூன்று வருடம் இங்கேயே இருக்க வேண்டும். பத்தொன்பது வருடம் இருந்தவளுக்கு மூன்று வருடம் பெரிதா? எனக்கு நாற்பத்து மூன்று. முடிக்கும்போது நாற்பத்தைந்து. இந்தக் கணக்கை ஒரு நாளைக்கு நாலு தரம் போடுகிறேன், ஒவ்வொரு தரமும் வேறு விடை வருகிறது.

ஆனால் என்னைப் படுத்துவது இந்தக் கணக்கில்லை. மணி அடித்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

புதன், மாலை. துணி துவைக்கும் மெஷின் மறுபடி ஒழுகுகிறது. அடியில் பழைய துண்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சீட் கிடைத்தவர்களை மாதிரி வகுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய அறை, சக்கரம் வைத்த நாற்காலி, இருபத்திரண்டு பேர். எனக்கு அடுத்தபடியாக வயதானவருக்கு முப்பத்தாறு இருக்கும். வங்கியில் வேலை. ஆளுக்கு நாலு பக்கம் கொடுத்தார்கள். கேஸ் ஸ்டடியாம். ஒரு நிறுவனத்தில் நடந்ததைப் பெயரை எடுத்துவிட்டு எழுதியிருப்பார்கள், நாம் படித்துவிட்டு என்ன முடிவு எடுப்போம் என்று சொல்ல வேண்டும்.

முதல் பக்கம் பஸ் கம்பெனி. பரவாயில்லை, நமக்குத் தெரிந்த சமாச்சாரம் என்று சந்தோஷமாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணைப் பொறுப்பாளர் வந்தார். டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறவர். பல வருடங்களாக ஒவ்வொரு ட்ரிப்பின் பயண நேரத்திலும் பன்னிரண்டு நிமிடத்தைக் கூடுதலாகக் காட்டி வந்தவர். மேலிடத்துக்குத் தெரியாமல். அதனால் கம்பெனிக்கு ஒரு நாளைக்கு இத்தனை ட்ரிப் இழப்பு என்று ஒரு பட்டியல் வேறு.

அது நான்தான். அடையாளம் தெரியக்கூடாதென்று ஆணாக்கியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களிடம் இதைச் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆலோசனைக் குழு என்று சிலர் வந்து மூன்று மாதம் உட்கார்ந்தார்களே, ஆபீஸில் சின்னப் பிரச்சினை என்று மட்டும் அப்போது சொன்னேன். சின்னதில்லை. எனக்கு மெமோ கொடுத்தார்கள். பன்னிரண்டை நான்காக்கினார்கள். நடுக்கடலில் இருக்கிறவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஏன் பன்னிரண்டு என்று அந்த நாலு பக்கத்தில் எங்கேயும் இல்லை. எழுதியவர்கள் என்னிடம் கேட்கவும் இல்லை. நான் சொல்கிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு டிரைவர் கடைசி ட்ரிப் முடித்து வந்து, பஸ்ஸை நிறுத்திவிட்டு, சீட்டை விட்டு இறங்கவே இல்லை. ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை வியாதி. என் கண்ணாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்பது அப்புறம்தான் புரிந்தது. பேன்ட் நனைந்திருந்தது. அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் நானே அந்தக் கடைசி நிறுத்தம்வரை போய் நடந்து பார்த்தேன். கழிப்பறை மார்க்கெட்டுக்குப் பின்னால். போக ஐந்து, வர ஐந்து, நடுவில் இரண்டு. அன்றைக்கே சார்ட்டில் ஏற்றினேன். பிறகு மற்ற ரூட்டுக்கும் ஏற்றினேன். திருட்டுத்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள்.

வகுப்பில் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சஸ்பெண்ட் என்றது ஒரு பெண். இவரை மட்டுமில்லை, இவருக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டிருந்தவரையும் சேர்த்து என்றார் வங்கிக்காரர். பேராசிரியர் நல்ல மனிதர்தான், சிரித்த முகம். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். "நீங்க சொல்லுங்க மேடம், நீங்க இருந்தா என்ன செய்வீங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் சொன்னது: "அந்தப் பொறுப்புலேர்ந்து அவரை மாத்திடணும்."

நல்ல தெளிவான முடிவு என்றார் பேராசிரியர். வங்கிக்காரர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். எனக்கு சந்தோஷமாக இருந்தது. கொடுமை அதுதான். தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன் என்றால் பாதி உண்மை. அந்த அறையில் எல்லோரையும் போல ஒரு பதில் சொல்லி, சபாஷ் வாங்கி, பக்கத்து நாற்காலிக்காரர் தலையாட்டியதில் மனது குளிர்ந்துபோனது மீதி உண்மை. இரண்டரை மணி நேரப் படிப்பிலேயே என்னை நானே வேலையை விட்டுத் தூக்கிவிட்டேன். இரண்டு வருடம் படித்தால் யார் யாரைத் தூக்குவேனோ.

வியாழன். காலையில் நம் பாட்டுக்காரர் வந்தார். வண்டி ஓட்டும்போது பாடிக்கொண்டே ஓட்டுவாரே, அவர். டூட்டி கேட்க வந்தவர் ஜன்னலில் தலையை விட்டு, "மேடம், பெரிய படிப்பு படிக்கப்போறீங்களாமே? படிச்சுட்டு வந்து எங்க நாலு நிமிஷத்தையும் புடுங்கிடாதீங்க" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இப்போதெல்லாம் ட்ரிப் இருக்கிற நாளில் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, தெரியுமா? பாட்டிலை மூடி திறக்காமல் அப்படியே திரும்பக் கொண்டு வருகிறார்கள்.

மதியம் பேராசிரியருக்குப் போன் போட்டேன். அந்த அட்டவணைக்காரர் நான்தான் சார் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், நனைந்த பேன்ட் உட்பட. "இத அன்னைக்கே வகுப்புல சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். சொல்லியிருந்தால் நல்ல தெளிவான முடிவு என்று சொல்லியிருப்பீர்களா சார் என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பயமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. தெரியவில்லை என்றார். இந்த வருடமும் அதே கேஸைத்தான் நடத்தப்போகிறோம், நீங்கள் வந்தால் வகுப்பு வேறு மாதிரி போகும், வராவிட்டால் போன வருடம் போலவே போகும் என்றார். அப்புறம் வெள்ளிக்கிழமையை ஞாபகப்படுத்திவிட்டு வைத்தார்.

பாப்பாவிடம் சொன்னேன். "அம்மா, நீ பேசாம சேரு. ஆனா மாத்திடணும் கீத்திடணும்னு வீட்ல ஆரம்பிச்சே, நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்" என்றாள். அப்பாவைப் போலவே சுருக்கமாக முடித்துவிட்டாள்.

வெள்ளி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, மன்னியுங்கள். காத்திருந்தால் என்ன பதில் வரும் என்று தெரியும்.

பதவிக்காக இல்லை என்று பெருமை பேசமாட்டேன். பதவியும் வேண்டும். பர்சன்டேஜ் உட்காரும் நாற்காலி எனக்கும் பொருந்தும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. என்னைப் பற்றி நாலு பக்கம் எழுதி, இருபத்திரண்டு பேர் படித்து, தீர்ப்புச் சொல்லி எழுந்து போகிறார்கள். அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மெமோ வந்த அன்றைக்கே நானும் நாலு பக்கம் எழுதி மேஜையில் வைத்திருப்பேன், பன்னிரண்டு நான்காகியிருக்காது. கற்றுக்கொண்டால் அவர்களைப் போலவே ஆகிவிடுவேனோ என்ற பயம் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்ட என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குரல் வீட்டில் கேட்டால் நீங்கள் என்னிடம் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

ஒன்று பாக்கி. அதைச் சொல்லத்தான் நாலு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் வகுப்பு, நீங்கள் வந்து இறங்கும் அதே சனிக்கிழமை. கேட்டுப் பார்த்தேன். முதல் நாள் வராவிட்டால் சீட் இல்லையாம். ஒவ்வொரு முறையும் விமான நிலையத்தில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருக்கிறேன். இந்த முறை பாப்பா மட்டும்தான் வருவாள். நீங்கள் வெளியே வந்ததும் அவளுக்குப் பின்னால் என்னைத் தேடுவீர்கள், அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது. சமைத்து வைத்துவிட்டுப் போவேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள்.

கோபம் வந்தால் கோபப்படுங்கள். அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் பெட்டியை வைத்த கையோடு நண்பரைப் பார்க்க, அண்ணனைப் பார்க்க என்று கிளம்பிவிடாதீர்கள். ஐந்தரைக்கு வகுப்பு முடியும், ஆறரைக்குள் வந்துவிடுவேன். நான் கதவைத் திறக்கும்போது நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

பத்திரமாக வந்து சேருங்கள்.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா