மெய்யான ஓமோ, எனக்கான ஓமோ

இன்று காலை உன்னுடைய கைப்பட்டி அகப்பட்டது. இரவு கொட்டிய பனி கார்க் கண்ணாடியில் இறுகிப்போயிருந்தது. அதைச் சுரண்டுகிற தடியைத் தேடி முன் இருக்கைக்குக் கீழே கையை விட்டால், தடிக்குப் பதிலாக இது வந்தது. மணிக்கட்டு மடியாமல் பிடித்துவைக்கிற, உள்ளே தகடு வைத்துத் தைத்த கறுப்புப் பட்டி. மூக்கில் வைத்துப் பார்த்தேன். நீ பூசுகிற தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை. இவ்வளவு காலமும் என் காருக்குள்ளேயே ஒளித்திருந்திருக்கிறாய், கள்ளி. வேலைக்குப் பிந்திவிட்டது என்று தெரிந்தும் என்ஜினைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் பனி தானாகவே கரைந்து வழிந்தது.

இதே இருக்கையில் இருந்துதான் அதைக் கழற்றி எறிந்தாய். நரம்புப் பரிசோதனை முடிந்து உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். "இது இனி வேண்டாமடி. என்ர வருத்தம் மணிக்கட்டிலை இல்லையாம்" என்றாய். பிறகு ரேடியோவைக் கூட்டிவிட்டு, யாரோ எங்கேயோ வீடு விற்கிற விளம்பரத்தை மிசிசாகா வரைக்கும் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்தாய்.

எல்லாம் அந்தக் கேள்வித்தாளில் தொடங்கியதாகவே என் மனம் இன்னமும் நினைக்கிறது. அது உண்மையில்லை, தெரியும். ஆனாலும் உன்னை நினைத்தால் அதுதான் முதலில் வருகிறது.

நான் வேலை செய்கிற கை மருத்துவப் பிரிவுக்குத் தமிழ்ச் சனம் எவ்வளவு வரும் என்று உனக்குத் தெரியும். விமான நிலையச் சமையல்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், நாள் முழுக்கக் கணினி தட்டுகிறவர்கள். கை விறைத்து, நித்திரையில் எழும்பி, உதறி உதறி மறுபடி படுக்கிறவர்கள். மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பு நெருக்குப்பட்டால் அப்படி வரும். கார்ப்பல் டனல் என்றால் இப்போது கோயிலடியிலும் எல்லோருக்கும் தெரியும். அந்த வருத்தமா இல்லையா என்று பிரித்துச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள் இருந்தது. எங்கள் டொக்டர் ஒருநாள் அதன் தாய்லாந்து மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். "இவர்களிடம் இருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மொழிபெயர்க்க ஆள் தெரியுமா என்றார். எனக்கு உன்னை விட்டால் யாரைத் தெரியும்?

ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரே கட்டடத்துக்கு நம் இரண்டு குடும்பமும் வந்திறங்கிய நாட்களிலேயே, என் அம்மாவுக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்த்தவள் நீ. அம்மா சொன்ன வசவைக்கூட விடாமல் சொல்லி, டொக்டரைச் சிவக்கவைத்தாய். பிறகு அதையே தொழிலாக்கிக்கொண்டு அகதி வழக்குகளில் சனங்களின் கண்ணீரையெல்லாம் ஆங்கிலமாக்கினாய். "ஒருக்கால் கை நோவை மொழிபெயர்த்துத் தாவன்" என்று கேட்டபோது, "அப்பாடா, ஒருத்தரும் சாகாத கதை ஒண்டு" என்று சொல்லி ஒப்புக்கொண்டாய்.

மொழிபெயர்த்தால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தாய். உன் தமிழை, ஆங்கில மூலத்தைக் கண்ணாலும் காணாத இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டு ஆங்கிலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சப் பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்கும் பிறகு, நோயாளிகள் சொல்லும் பதிலும், கையில் மெல்லிய மின்சாரம் விட்டுப் பார்க்கிற நரம்புப் பரிசோதனையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். "எடியே, என்ர கலியாணத்துக்கே இவ்வளவு விசாரிக்கேல்லை" என்றாய். உன் மனுசன் பக்கத்தில் இருந்து சிரித்தார்.

வெக்ஸ்போர்டில் அந்தத் தேவாலய மண்டபத்தை மறந்திருக்கமாட்டாய். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து, தேத்தண்ணியும் ரோல்ஸும் ஓடிக்கொண்டிருக்க, மூலையில் மேசை போட்டு நாம் இருவரும் இருந்தோம். முதலில் வந்தவர் பச்சைச் சேலை கட்டிய ஒரு அன்ரி.

"இரவிலை கை விறைச்சு எழும்பிறனீங்களோ அன்ரி?"

"ஓம் பிள்ளை."

"கையை உதறினாச் சுகமாகுதோ?"

"ஓம் பிள்ளை."

"சின்னவிரலும் விறைக்குதோ?"

"ஓம், ஓம். கேக்கிறதெல்லாம் ஓம் எண்டு போடுங்கோ."

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஓம். நான் தலையில் கை வைத்துவிட்டேன். அந்தக் கேள்விகளில் சிலவற்றுக்கு ஓம் என்றால்தான் கார்ப்பல் டனல்; சிலவற்றுக்கு இல்லை என்றால்தான். சின்னவிரலுக்குப் போவது வேறு நரம்பு. எல்லாவற்றுக்கும் ஓம் போட்ட தாளை வைத்துக்கொண்டு எதைச் சரிபார்ப்பது?

நீ எழுந்துபோய் அந்தப் பச்சைச் சேலை அன்ரிக்குப் பக்கத்தில் இருந்தாய். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்.

"அன்ரி, உது மெய்யான ஓமோ, எங்களுக்கான ஓமோ?"

அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம், ஞாயிற்றுக்கிழமையும் மெனக்கெட்டு வந்து நிக்கிறியள். முகத்துக்கு நேரை இல்லையெண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?"

திரும்பி வரும்போது காருக்குள் நீ சிரித்த சிரிப்பு! "வீட்டுக்கு வந்த ஆளுக்குத் தேத்தண்ணி குடுக்கிற மாதிரி எங்கட சனம் ஓம் குடுக்குதடி. வெறும் வயித்தோடை அனுப்பாதாம்." அடுத்த நாளே கேள்வித்தாளின் தலையில் ஒரு வரியைச் சேர்த்தாய்: "'இல்லை' என்று நீங்கள் சொல்வதும் எங்களுக்கு உதவிதான், நாங்கள் மனம் நோகமாட்டோம்." ஆங்கிலத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. திரும்ப ஆங்கிலமாக்கிய தாளில் அதைக் கண்ட டொக்டர், இது எங்கிருந்து முளைத்தது என்று கேட்டார். நீ நேரில் வந்து அரைமணி நேரம் வாதாடி அதை நிற்கவைத்தாய். அந்த வரி இன்றும் நிற்கிறது.

அந்த வாதாட்டத்தின்போதுதான் உன் கையில் இருந்து பேனை விழுந்தது. எடுத்தாய். மறுபடி விழுந்தது. "உங்கட கேள்வித்தாளே எனக்கு வருத்தத்தைத் தந்திட்டுது" என்று நீ சொல்ல, டொக்டரும் சிரித்தார்.

பிறகு பார்த்தால் வீட்டுத் திறப்பைத் திருப்ப முடியவில்லை, மேலங்கிப் பொத்தானைப் போட முடியவில்லை என்றாய். பெருவிரலுக்குக் கீழே இருந்த சதை கொஞ்சம் வற்றியிருந்தது. கடையில் இந்தப் பட்டியை வாங்கி நீயாகவே மாட்டிக்கொண்டாய். மொழிபெயர்ப்பு வேலை முடிந்து கேள்வித்தாள் அச்சாகி வந்த அன்று, என் அறையில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "தா, நான் ஒருக்கால் நிரப்பிப் பாக்கிறன்" என்றாய்.

"மொழிபெயர்த்த ஆளின்ரயைக் கணக்கிலை சேர்க்கேலாதடி."

"கணக்குக்கில்லை. எனக்கு."

ஒவ்வொரு கேள்வியும் எந்தப் பக்கம் சாயும் என்று உனக்குத்தான் மனப்பாடமாயிற்றே. ஓம் வரவேண்டிய இடத்தில் ஓம், இல்லை வரவேண்டிய இடத்தில் இல்லை. கூட்டிப் பார்த்தால் இதைவிட அசல் கார்ப்பல் டனல் ரொறன்ரோவில் கிடையாது. "பாத்தியோ!" என்று தாளைத் தூக்கிக் காட்டினாய். லொத்தர் விழுந்தவளைப் போல இருந்தாய்.

எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. உன் கேள்வியையே உன்னிடம் கேட்டேன். "மெய்யான ஓமோ?"

நீ பட்டியைத் தடவிக்கொண்டிருந்தாய். "விறைப்பு எண்டு பெரிசா இல்லையடி" என்றாய். "ஆனா வேற என்னவா இருக்கப்போகுது?"

அந்தக் கிழமையே டொக்டரிடம் சொன்னேன். அவரும் உடனே பரிசோதனைக்கு ஒழுங்கு செய்தார். ஒருவரும் சுணக்கவில்லை, ஒருவரும் அசட்டையாக இருக்கவில்லை. மணிக்கட்டு நரம்பு ஒரு பழுதும் இல்லாமல் முத்துப்போல இருக்கிறது என்று சொன்னார்கள். நீ எதிர்பார்த்திருந்தது ஒரு சின்னச் சத்திரசிகிச்சை, கொஞ்ச நாள் கட்டு, பிறகு பழையபடி பேனை. அதைத் தர அவர்களிடம் வழி இல்லை. மற்றக் கையிலும் காலிலும் ஊசி வைத்துப் பார்த்தார்கள். வேறு டொக்டர்மார் வந்தார்கள். கடைசியில் பெயரைச் சொன்னார்கள்: தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு போகிற நோய். கையில் தொடங்கி, காலுக்குப் போய், நாக்குக்கு வந்து, மூச்சில் முடியும். மருந்து கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

முன்னமே கண்டுபிடித்திருந்தால் என்று கேட்டேன். எத்தனை பேரிடம் கேட்டேன் தெரியுமா? எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: ஒன்றும் மாறியிருக்காது. யாரிலாவது பிழை இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது என் நெஞ்சு ஆறியிருக்கும். திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் செய்துவிட்டாய்.

மிசிசாகாவுக்கு வேலை முடிந்து வரத் தொடங்கினேன். 401 நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தால், ஒவ்வொரு முறையும் உன்னிடம் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். ஒருநாள் கரண்டி பிடிப்பது. இன்னொரு நாள் படி ஏறுவது. கைக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் இத்தனை வருடம் வேலை செய்கிறேன். உன் விரல்களை விரித்துப் பிடித்து எண்ணெய் பூசுவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "எல்லாரின்ர கையையும் பாக்கிறாய், என்ர கை மட்டும் உனக்குப் பிடிபடேல்லை, என்ன?" என்று சீண்டினாய். அப்போதே உன் சொற்கள் வழுக்கத் தொடங்கியிருந்தன. எத்தனையோ பேருக்காகப் பேசிய உன் வாயில் இருந்து வந்ததை, பக்கத்தில் இருந்து உன் மனுசன் எனக்கு மொழிபெயர்த்தார். அதைப் பார்த்து நீ சிரித்தாய். நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சொல்லும் நின்றபோது கண் மிஞ்சியது. மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை. உன் மனுசன் அதை எனக்குக் காட்டித் தந்தபோது, நாம் செய்த கேள்வித்தாளுக்குள் நீயே போய்ப் படுத்துவிட்டாய் என்று தோன்றியது. தண்ணி வேணுமோ? ஓம். ஜன்னலைச் சாத்தவோ? இல்லை. ஓமும் இல்லையும் தவிர உன்னிடம் வேறு ஒன்றும் இல்லை. அவ்வளவு கதைக்காரிக்கு!

கடைசியாக வந்த நாள், வெளியே இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. மூச்சுக்கு முகத்தில் மூடி போட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் உன் கை போர்வைக்கு மேலே கிடந்தது. எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நோகுதோ?"

கீழே பார்த்தாய்.

"பயமா இருக்கோ?"

கீழே பார்த்தாய். அதுவும் உடனே. யோசிக்கக்கூட இல்லை.

உன் கையைத் திரும்பப் போர்வைக்கு மேல் வைத்தேன். மேலங்கியைப் போட்டேன். வாசலில் நின்று, "நாளைக்கு வரட்டோ?" என்றேன். "நிப்பாய்தானே?"

மேலே பார்த்தாய். நன்றாக, புருவம் உயர, எனக்குக் கதவடியில் இருந்தே தெரியும்படி பார்த்தாய்.

மறுநாள் விடிய உன் மனுசன் எனக்குப் போன் எடுத்தார்.

நம் கேள்வித்தாள் நன்றாகத்தான் வந்தது. நரம்புப் பரிசோதனையோடு ஒத்துப்போனது, டொக்டருக்கும் திருப்தி. இப்போது எங்கள் பிரிவுக்கு வருகிற தமிழர்கள் எல்லோரும் உன் வசனங்களைத்தான் வாசிக்கிறார்கள். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன். இன்று பிந்திப் போய்ச் சேர்ந்தபோதும் ஒரு அங்கிள் காத்துக்கொண்டிருந்தார். விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். உன் பட்டியை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே அவருக்கு வாசித்தேன். தாளின் தலையில் நீ போட்ட வரியைக் கேட்ட பிறகும் அவர் எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். "மெய்யான ஓமோ அங்கிள், எனக்கான ஓமோ?" என்று கேட்டேன். கூச்சத்தோடு சிரித்தார். "சின்னவிரலுக்கு மட்டும் இல்லை பிள்ளை, குறை நினையாதேங்கோ" என்றார். மாற்றி எழுதினேன்.

எல்லோரிடமும் கேட்கிறேன். அன்று உன் அறை வாசலில் நின்றபோதும் அதே கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். கேட்டிருந்தாலும் பயனில்லை. மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை. இதுவா அதுவா என்ற கேள்விக்கு உன் கண்களில் பதில் இல்லை.