பிளாஸ்டிக் உரிக்காத லேப்டாப்

ஜூன் 3, செவ்வாய்

மீன் வாங்கப் போய் இன்றும் மாட்டிக்கொண்டேன். மீன்காரி தோயாங் சந்தை முழுக்கக் கேட்கும்படி, "அட்டர்னி! வாங்க அட்டர்னி! பால்கெண்டை இப்பத்தான் வந்துச்சு" என்று கத்தினாள். நான் வக்கீல் பரீட்சை எழுதுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தப் பட்டம். இரண்டு முறை தோற்ற பிறகும் விடவில்லை.

"இன்னும் ஆகல தோயாங்."

"ஆகாட்டி என்ன, கூப்பிட்டுப் பழகிக்கிறோம்."

கேலியா, பாசமா? இன்றுவரை தெரியவில்லை. செப்டம்பரில் மூன்றாவது முறை. முப்பத்தெட்டு வயது. எட்டு வருடமாக அட்டர்னி பலோமார் அம்மாளின் அலுவலகத்தில் ஊரார் நோட்டீஸ்களைத் தட்டச்சு செய்கிறேன். என் கையெழுத்தில் ஒன்றுகூட இதுவரை போனதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணிக்கு அக்கா கூப்பிட்டாள். ஹாங்காங்கில் வீட்டுவேலை செய்பவர்களுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. நடைபாதையில் அட்டை விரித்துத் தோழிகளோடு சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். போய்ப் பத்தொன்பது வருடமாகிறது. ஐம்பத்தொரு வயது. வலது முட்டி போய்விட்டது, அதைச் சொல்ல மாட்டாள். அவளுக்கு நான் இன்டாய், எனக்கு அவள் மனாங்; எங்கள் ஊரில் தங்கையையும் அக்காவையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"இன்டாய், இந்தத் தடவ உனக்குப் புது லேப்டாப். நல்லதாப் பாத்துச் சொல்லு. வெலையப் பாக்காத."

"எதுக்கு மனாங் அதெல்லாம்—"

"போன வருஷம் கரண்ட்டு போயி உன் டப்பா செத்துச்சே, போதாதா? எனக்குச் செப்டம்பரோட ஒப்பந்தம் முடியுது. புதுசுல நான் கையெழுத்துப் போடப் போறதில்ல. நீ பாஸ் பண்ற, நான் வீட்டுக்கு வர்றேன். அவ்ளோதான்."

"ரிசல்ட் டிசம்பர்லதான் வரும், மனாங்."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் சொல்றேன்."

பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, "என் தங்கச்சி அட்டர்னி ஆகப்போறா" என்றாள். அவர்கள் கைதட்டினார்கள். நான் தோற்றால்? அக்கா வேலையை விட்டுவிட்டு முட்டிவலியோடு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். நான் குமாஸ்தாவாகவே இருப்பேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 10, செவ்வாய்

பரீட்சையை அவரவர் லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். தேர்வு மென்பொருளை நாமே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஆகவே தவறான பெட்டியை வாங்கினால் தொலைந்தேன்.

இரண்டு நாளாக மனம் இரண்டில் ஊசலாடுகிறது. ஒன்று தடியன்: இரண்டு கிலோ, விசிறி இரைச்சல், பட்டரி ஆறு மணி நேரம், வயர் செருக எல்லா ஓட்டைகளும் உண்டு. மற்றது ஒல்லி. ஒல்லியைப் பற்றிப் படித்ததையெல்லாம் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நிறை — எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விசிறியே கிடையாது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. புதுவகை சிப், அதனால் பட்டரி ஒரு பகல் முழுக்க நின்று மறுநாளும் கொஞ்சம் வரும் என்கிறார்கள். (பாதி பொய்யாக இருந்தாலும் எனக்குப் போதும்!) கேமரா அத்தனை துல்லியமாம்.

குறை — இரண்டே ஓட்டை. மவுஸ் செருக வேண்டுமென்றால் தனியாக ஒரு துண்டு வாங்க வேண்டும். உள்ளே எல்லாம் பலகையோடு பற்றவைத்தது, ஒன்று கெட்டால் எல்லாம் போச்சு. விசைகள் ஆழமில்லை, விரல் தரையில் தட்டுவதுபோல இருக்குமாம். விலை. விலை. விலை.

போன வருடம் மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிப்பதற்குள் என் பழைய பெட்டி அணைந்தது. திரும்ப உயிர் வர நாற்பது நிமிடம். தேற எழுபத்தைந்து மதிப்பெண் வேண்டும், எழுபத்து மூன்றே கால் வந்தது. பட்டரிக்கு முன்னால் மற்றதெல்லாம் எனக்குத் தூசு.

ஒல்லிதான். தேர்வுக்கான தேவைப் பட்டியலை எடுத்து நினைவகம், சேமிப்பிடம், பதிப்பு எல்லாம் டிக் போட்டேன்.

உண்மையை இங்கேயாவது சொல்லவேண்டும் — அழகாகவும் இருந்தது.

ஜூலை 12, சனி

வந்துவிட்டது. விடுப்பில் ஊர் வந்த அக்காவின் தோழி ஒருத்தி கைப்பையில் வைத்து, குழந்தையைத் தூக்கி வருவதுபோலக் கொண்டுவந்தாள். மூடியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக். நுனியைப் பிடித்தேன், போன் திரையில் அக்கா கத்தினாள்.

"உரிக்காத! பாஸ் பண்ணினப்புறம் உரிக்கலாம்."

நம் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே பிளாஸ்டிக் பத்து வருடமாக இருக்கிறது. விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஓடவில்லை.

இன்று மாதிரித் தேர்வு. மென்பொருளை ஏற்றினேன். 'இந்த வகை சிப்பில் இயங்காது.' மறுபடி ஏற்றினேன். அதே வரி. அணைத்து, போட்டு, மறுபடி — அதே. உதவி எண்ணுக்கு அடித்தேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "தேவைப் பட்டியல்ல கடைசி வரி பாருங்க மேடம்."

பார்த்தேன். இருக்கிறது. எழுத்து சின்னதுகூட இல்லை, மற்ற வரிகளின் அளவுதான். எட்டு வருஷமா அடுத்தவன் பத்திரத்துல கடைசி வரி வரைக்கும் படிச்சுக் குறை கண்டுபிடிக்கிறவ நான். என் பட்டியல்ல ஒத்த வரியப் படிக்கல. பட்டரி பட்டரின்னு பறந்தேனே, அந்தப் பட்டரியத் தர்ற சிப்புதான் பரீட்சைக்கு ஆகாதாம். இன்னும் இருபத்தொம்பது நாள். என்ன பண்ணுவேன்? அக்காகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த லேப்டாப்பிலேயே பேசினேன். மற்ற எல்லாம் அதில் ஓடுகிறது, பொய்யும்கூட.

"மாதிரித் தேர்வு எப்படி?"

"நல்லாருந்துச்சு மனாங்."

"லேப்டாப்பு?"

"ரெக்க மாதிரி இருக்கு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு, "சரி, சாப்பிடு" என்றாள். கடல் தாண்டி ஒருவர் வாங்கி அனுப்பியதைப் பார்த்து இது ஆகாது என்று சொல்லும் நாக்கு எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. எனக்கும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அலுவலகத்தில் அழுதுவிட்டேன். அட்டர்னி பலோமார் அம்மாள் காரணம் கேட்டார். சொன்னேன். மேசைக்கு அடியிலிருந்து தன் பழைய லேப்டாப்பை இழுத்து வைத்தார். இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். மூடி முழுக்கப் பூனை ஸ்டிக்கர்.

"இது ஓடும். சத்தம் போடும், ஆனா ஓடும். ஸ்டிக்கரப் பிச்சிடாத, என் பேத்தி ஊரக் கூட்டிடுவா."

"பட்டரி எவ்ளோ நேரம் நிக்கும், அட்டர்னி?"

"அத அதுகிட்டயே கேளு."

கேட்டேன். முப்பத்தொரு நிமிடம்.

ஆகஸ்ட் 23, சனி

பட்டரி மாற்றலாம் என்றால் அந்த வகை இப்போது வருவதில்லையாம். மூன்று கடையிலும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முன்பெல்லாம் பரீட்சைக்குப் பேனாவை மந்திரிப்பார்கள், இப்போது லேப்டாப். கோயில் பீடத்தின் முன் பரீட்சை எழுதுகிறவர்கள் எல்லாரும் வரிசையாக அடுக்கியிருந்தோம். அக்கா பார்க்க வேண்டும் என்றாள். ஆகவே போனைப் பிடித்துக்கொண்டு, ஒல்லியைக் கொண்டுபோய் வைத்தேன். ஃபாதர் புனித நீரை வீசினார். பிளாஸ்டிக் மேல் மூன்று சொட்டு நின்றது. அக்கா அங்கே நடைபாதையில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பரீட்சை எழுதப்போகும் பூனைப் பெட்டி வீட்டுக் கட்டிலடியில் கிடந்தது. பொய்க்கு ஆசீர்வாதம், வேலைக்காரனுக்கு ஒன்றுமில்லை. வந்ததும் கோயில் தண்ணீரை விரலில் தொட்டு அதன் மூலையில் வைத்தேன். இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா?

செப்டம்பர் 7, ஞாயிறு

இடைவெளி விட்டு மூன்று நாள் பரீட்சை, இன்று முதல் நாள். விசிறி இரைகிறது. முன்னால் இருந்தவன் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தான். எழுதினேன்.

செப்டம்பர் 10, புதன்

கரண்ட் போனது.

இரண்டாம் பரீட்சை நாள் மதியம், ஒன்பதாவது கேள்வி. மண்டபமே "ஆ" என்றது. திரையின் மூலையில் முப்பத்தொன்று. முப்பது. இருபத்தொன்பது. எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள், என் விரல்தான் நகரவில்லை. பதினேழுக்கு வந்தபோது ஜெனரேட்டர் உறுமியது. லேப்டாப் சாகவில்லை. பதினான்கு நிமிடம் செத்தது நான்தான்.

ஒன்பதாவது கேள்விக்கு இரண்டு வரி. அவ்வளவுதான் எழுத முடிந்தது. போச்சு. இந்த வருஷமும் போச்சு. அக்காவும் வேலைய விட்டுட்டு வந்து நிக்கப்போறா.

செப்டம்பர் 14, ஞாயிறு

கடைசி நாள். கேட்டுக்கு வெளியே மேளம், பதாகை, ஒவ்வொருவருக்கும் குடும்பம். எனக்கு யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு, தோளில் சார்ஜர் வயர்ச் சுருளும் கையில் பூனைப் பெட்டியுமாக வந்தேன்.

அக்கா நின்றிருந்தாள். ஹாங்காங்கிலிருந்து நேராக. கையால் எழுதிய பதாகை. கட்டிப்பிடித்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

"இது யாரு?"

நடைபாதையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சிப், கடைசி வரி, மந்திரித்தது, எல்லாம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கல்கட்டில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்தாள்.

"அப்ப அன்னிக்கு அழுதது லேப்டாப்புக்கா?"

"என்னிக்கு?"

"மாதிரித் தேர்வுக்கு மறுநா. நீ நல்லாருந்துச்சுன்ன. அந்தக் கேமராலதான் எல்லாம் தெரியுதேடி, கண்ணு இமை ரெண்டும் வீங்கி இருந்துச்சு. புள்ளைக்குப் படிப்பு ஏறல, இந்தத் தடவயும் போச்சு, சொல்ல மாட்டேங்கிறான்னு நெனச்சேன்."

"அதனால?"

பதாகையைச் சுருட்ட ஆரம்பித்தாள். எனக்கு மெல்ல உறைத்தது. ஹாங்காங்கில் பழைய ஒப்பந்தம் முடிந்து புதியதற்கு முன்னால் ஊர் விடுப்பு தருவார்கள். யாருக்கு? கையெழுத்துப் போட்டவர்களுக்கு.

"மனாங். போட்டுட்டியா?"

"மறுநாளே போட்டுட்டேன். ரெண்டு வருஷம். நீ தோத்தாலும் சோறு வேணும்ல."

செப்டம்பர் 15, திங்கள்

அக்கா தூங்குகிறாள். நான் ஜூன் 10-ஐத் திறந்து படித்தேன். கேமராவை நிறையில் எழுதியிருக்கிறேன். அடித்துவிட்டுக் குறையில் எழுதப் போய், பேனாவை வைத்துவிட்டேன். கேமரா என்ன செய்யும்? ஒரு வார்த்தை — 'மனாங், தப்பான லேப்டாப் வாங்க வச்சுட்டேன்' — இதைச் சொல்லியிருந்தால் போதும். வெட்கத்துக்காக அக்காவின் இரண்டு வருடத்தைக் கொடுத்துவிட்டேன்.

அவள் என்னை நம்பாமல் கையெழுத்துப் போட்டதும் வலிக்கிறது. நிம்மதியாகவும் இருக்கிறது. அந்த நிம்மதிதான் அசிங்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

போய்விட்டாள். ஒல்லியை அவள் பையில் வைத்தேன். "நீயே வச்சுக்க, ஞாயித்துக்கிழம பேச." மறுப்பாள் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டு, "பிளாஸ்டிக்க நான் தொட மாட்டேன்" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

அக்கா அட்டையில் உட்கார்ந்து பேசினாள். எழும்போது தோழி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அதையும் அந்தக் கேமரா காட்டியது. இந்த முறை நான் கேட்காமல் இருக்கவில்லை.

"முட்டி எப்படி இருக்கு? பொய் சொல்லாத."

"மாடி ஏற முடியல" என்றாள்.

டிசம்பர் 12, வெள்ளி

பட்டியலில் பெயர் இருக்கிறது. நான்குமுறை பார்த்தேன். அட்டர்னி பலோமார் அம்மாளைக் கூப்பிட்டு அவர் வாயால் படிக்கச் சொன்னேன். படித்தார். ஒன்பதாவது கேள்வி என்னைக் கவிழ்க்கவில்லை.

சந்தையில் தோயாங் கூப்பிட்டபோது பழக்கத்தில் "இன்னும் ஆகல" என்றுவிட்டேன். பாதி வழி வந்துதான் திரும்பி ஓடினேன்.

அக்காவுக்குச் சொன்னேன். வேலை நேரம், சமையலறையில் நின்றிருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "இன்னும் இருபத்தொரு மாசம், கண்ண மூடித் தொறந்தா ஓடிரும்" என்றாள். ஓடாது.

ஜனவரி 30, வெள்ளி

உறுதிமொழி எடுத்தாயிற்று, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. இன்று என் பெயரில் முதல் கடிதம். அக்காவின் ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை மூன்றுமுறை படித்தேன். ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொன்னால் போதும், விலகிக்கொள்ளலாம். பூனைப் பெட்டியில்தான் தட்டினேன். கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. மெயிலில் அனுப்பினேன், அச்செடுத்துக்கொண்டு வந்து ஒல்லியின் முன் உட்கார்ந்தாள்.

"கையெழுத்துப் போடு, மனாங்."

"அவங்க வீட்டுப் புள்ளைங்க என்ன பண்ணும்?"

"ஒரு மாசம் இருக்கு, வேற ஆளப் பாப்பாங்க. போடு."

"இதுக்கு ஃபீஸ் எவ்ளோ?"

"பத்தொன்பது வருஷம். நீ முன்னாடியே கட்டிட்ட."

அவள் குனிந்து எழுதுவதைக் கேமரா துல்லியமாகக் காட்டியது.

மார்ச் 3, செவ்வாய்

வந்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி, பெட்டிகளை அப்படியே போட்டுவிட்டு, ஒல்லியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பிளாஸ்டிக்கின் ஓரங்களில் அழுக்கு ஏறியிருந்தது. நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பினாள்.

"அந்தப் பக்கம் புடிங்க, அட்டர்னி."

பிடித்தேன்.