ஆவணி முடியட்டும் அண்ணே

தூத்துக்குடி
10.11.2024

அன்புள்ள மதினிக்கு, பிரேமா எழுதுவது.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. போன ஞாயிறு ஏரலுக்கு வந்தபோது வாசலை மறித்து நின்று, "அவுக தூங்குதாக" என்றீர்கள். உள்ளே அண்ணன் இருமுவது கேட்டது. திரும்பி பஸ் ஏறிவிட்டேன். எழுதினால் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அண்ணனுக்குப் பெருங்குடலிலிருந்து எடுத்த கட்டியின் பரிசோதனை அறிக்கையை உங்கள் மகன் மாரிராஜ் அனுப்பினான். மூன்று முறை வாசித்தேன். பக்கத்து நிணநீர்க் கணுக்கள் இரண்டில் நோய் பரவியிருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு நல்ல வரி இருக்கிறது. கட்டியின் ஓரத்தில் மட்டுமல்ல, உள்ளேயும் வெள்ளை அணுக்கள் நெருக்கமாகப் புகுந்திருக்கின்றன. உடம்பு எதிரியை அடையாளம் கண்டு சண்டை போட்டிருக்கிறது என்று பொருள். இப்படி இருப்பவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு, ஆயுளும் கூடுதல் என்கிறார்கள். கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள் சொல்கிறேன், நம்புங்கள்.

அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது சித்திரையிலிருந்து ஆவணிவரை தள்ளிப்போனது பெரிதாக எதையும் கெடுத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அண்ணன் நேரத்துக்குக் கஞ்சி குடிக்கிறாரா?

உங்கள் பிரேமா


ஏரல்
17.11.2024

பிரேமாவுக்கு,

நீ சொன்ன வரியை மதுரை டாக்டரிடம் காட்டினேன். "நல்ல அறிகுறிதாம்மா. ஆனா அத நம்பி ஊசி மருந்த விட்டுரக்கூடாது" என்றார். நீ கேட்காமல் கேட்ட கேள்வியையும் கேட்டேன். நாலு மாதம் முந்தி வந்திருந்தால்? "அதுக்கு இந்த ரிப்போர்ட்டுல பதில் இல்லம்மா. முந்தி வாரது எப்பவும் நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்பதை உன் அண்ணன் என்னிடம் சொல்லவில்லை. கூச்சம். படித்தவள் என்று உன்னிடம் சொன்னார். நீ மூலம் என்றாய். குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை இப்போது வேண்டாம், ஆஸ்பத்திரியில் படுத்தால் சௌமியாவின் மாப்பிள்ளை வீட்டில் பேச்சு வரும், தாய்மாமன் இல்லாமல் மணமேடையா, "ஆவணி முடியட்டும் அண்ணே" என்றாய். அவரும் மூலத்துக்கு நல்லதென்று கருணைக்கிழங்கைத் தின்றுகொண்டு காத்திருந்தார்.

உன் மகள் கல்யாணத்தன்று பட்டு வேட்டிக்குள் துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் மாலை எடுத்துக் கொடுத்தார். இரண்டு தடவை மாற்றினார். எனக்கே அன்றுதான் தெரியும். "ஏளா, பிரேமாட்ட சொல்லிராத. கல்யாண வீட்டுல அழுதுருவா" என்றார்.

இப்போது மலம் இறங்க வயிற்றில் பை. கடைக்கு வர மாட்டேன் என்கிறார். "வெத்தல வாங்க வாரவன் மூக்கப் பொத்துனா நான் எங்கன போயி முழிக்க?" என்கிறார். நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னால் போதும், "தெரியாமச் சொல்லிட்டா, அவள ஏசாத" என்று சண்டைக்கு வருகிறார்.

அவர் கஞ்சி குடிக்கிறார்.

முருகேஸ்வரி


தூத்துக்குடி
24.11.2024

மதினி,

தெரியாமல் சொல்லவில்லை.

சித்திரையில் மூலம் என்று நானும் நம்பினேன். ஆடியில் அண்ணன் மறுபடி வந்தார். ரத்தம் நிற்கவில்லை என்றார். கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக் காட்டினார். தோள் தொங்கியது. மூலத்துக்கு உடம்பு இப்படி வற்றாது. அது எனக்குத் தெரியும், மதினி. தெரிந்துதான், "மாப்பிள்ளைய விட நீங்கதாண்ணே எளவட்டமா இருக்கிய!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். பத்திரிகை கொடுத்து முடித்திருந்தோம். மேடையில் தாய்மாமன் நிற்கிற இடம் காலியாக இருந்தால் நாலு பேர் என்ன கேட்பார்கள் என்பது மட்டும்தான் அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறிக்கையில் அந்த வரியை வாசித்ததும் முதலில் வந்த நினைப்பு, அண்ணன் பிழைத்துக்கொள்வார் என்பதல்ல. நான் தப்பித்தேன் என்பது. அதைத்தான் உங்களுக்கு நல்ல செய்தி என்று எழுதி அனுப்பினேன். துணியை மடித்து வைத்தார் என்று நீங்கள் எழுதிய இடத்தை என்னால் இரண்டாம் முறை வாசிக்க முடியவில்லை.

அண்ணனிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பிரேமா


ஏரல்
1.12.2024

பிரேமாவுக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி வைத்திருக்கிறேன். வாசித்தபின் இரண்டு நாள் உன் அண்ணனை ஏறிட்டுப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது, ஏதோ நானே செய்ததைப்போல.

நான் சொல்ல மாட்டேன். ஊசி மருந்து ஏறுகிற உடம்பை வைத்துக்கொண்டு அந்த மனுஷன் இன்னமும் உனக்காக என்னிடம் மல்லுக்கு நிற்கிறார். அதை நிறுத்த வேண்டியவள் நீ.

புதன்கிழமை இரண்டாவது தடவை மருந்து. வியாழனும் வெள்ளியும் வாந்தி இருக்கும். சனிக்கிழமை வா. எதிரே உட்கார்ந்து உன் கடிதத்தை நீயே அவருக்கு வாசி. அணுக்களைப் பற்றி ஒன்றும் பேசாதே. அவர் மன்னித்துவிடுவார், அவர் குணம் அது. அதை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதே.

பை மாற்றுவது பதினோரு மணிக்கு. அதற்கு முன்பே வந்துவிடு. ஒருத்தியாகச் செய்துகொண்டிருக்கிறேன், கடையிலும் நிற்க வேண்டியிருக்கிறது. நீயும் கற்றுக்கொள்.

முருகேஸ்வரி